ஆரியசாலையிலிருந்து தெரிந்த மலைநாடு

திருவனந்தபுரத்தில் கிள்ளிப்பாலம் தாண்டி ஆரியசாலைக்குள் கால் வைத்தால் வற்றல் மிளகாய் நெடி தொண்டையைக் கவ்வும். நான் வளர்ந்த தெரு அது. மண்டிக்கடை வாசலில் கணக்குப்பிள்ளை நாகர்கோவில் தமிழில் எடை சொல்ல, மூட்டை இறக்கும் சுமட்டுக்காரர் மலையாளத்தில் கூலி பேசுவார். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தெலுங்கு பேசும் செட்டியார் குடும்பம். எதிரே காயல்பட்டினத்துப் பாயின் கடை. நவராத்திரி வந்தால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி கோட்டைக்குப் போவாள். கூடவே வரும் வேளிமலை முருகன் தங்குவது எங்கள் ஆரியசாலை அம்மன் கோயிலில். அந்த ஊர்கள் இருக்கும் கன்னியாகுமரி மாவட்டம் 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அவர் வராமல் இருந்ததில்லை.

பிரபாத் புக் ஹவுஸ் வழியாகச் சோவியத் புத்தகங்கள் மலிவாகக் கிடைத்த காலம். கவிஞர் ரசூல் கம்சதோவின் 'என் தாகெஸ்தான்' அப்படித்தான் என் கைக்கு வந்தது. மலையாளிகள் பின்னாளில் அதைத் தங்கள் வீட்டுப் புத்தகமாகவே ஆக்கிக்கொண்டார்கள். கடை மாடியில் சீரகச் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். பனிமலையை நான் பார்த்ததே கிடையாது. ஆனாலும் அந்த மனிதர்கள் அந்நியமாகத் தெரியவில்லை.

காஸ்பியன் கடலுக்கு மேற்கே, காக்கேசிய மலைகளில் இருக்கிறது தாகெஸ்தான். ரஷ்யக் கூட்டமைப்பின் ஒரு குடியரசு, தலைநகர் மகச்கலா. கேரளத்தைவிடப் பெரிய நிலம். ஜனமோ இங்கே இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட இனத்தார். அவார்கள்தான் அதிகம், பிறகு தார்கின், கூமிக், லெஸ்கின், லக், தபசரன், நொகாய், மலை யூதர்கள் என்று நீளும். ஒரு பள்ளத்தாக்கு தாண்டினால் பேச்சு மாறிவிடும். அர்ச்சி என்ற மொழியை ஒரு மலைக்கிராமத்திலும் சுற்றுக்குடியிருப்புகளிலுமாக ஆயிரம் பேர் அளவில்தான் பேசுகிறார்கள். அதில் ஒரே வினைச்சொல்லிலிருந்து 15 லட்சம் வடிவங்கள் பிறக்க முடியும் என்று கணக்கிட்டார் ரஷ்ய மொழியியலாளர் கிப்ரிக். ஆயிரம் வாய்களுக்குள் அத்தனை பெரிய இலக்கணம்! அதை அறிந்ததிலிருந்து சிறிய மொழி என்று எதையும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இவற்றில் பெரும்பாலான இனங்களைச் சேர்த்துக் கட்டியது இஸ்லாம். தெர்பெந்த் நகரின் ஜும்மா பள்ளி எட்டாம் நூற்றாண்டில் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இமாம் ஷாமில் பல இனத்து மலைமக்களை ஒன்றுதிரட்டி, 1834 முதல் 1859 வரை ஜார் படைகளை எதிர்த்து நின்றார். குனீப் மலையில்தான் கடைசியில் பிடிபட்டார். எதிர்க்கடைப் பாயிடம் இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். "அங்கே எந்த மத்ஹபு தம்பி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. வெகுநாள் கழித்துத்தான் படித்தேன்: அங்கே பெரும்பாலோர் ஷாஃபி என்ற சட்டவழியினர். காயல்பட்டினத்தாரும் மலபார் மாப்பிள்ளைமாரும் அதே வழிதான். அதைப் பாயிடம் சொல்ல அவர் அப்போது இல்லை.

1923இல் ட்சாதா என்ற மலைக்கிராமத்தில் பிறந்த கம்சதோவ் எழுதியது அவார் மொழியில். உலகம் அவரை அறிந்தது ரஷ்ய மொழிபெயர்ப்பில். எங்கள் கடைத்தெருவிலும் அப்படித் தாய்மொழியில் எழுதிய ஒருவர் இருந்தார். பள்ளியில் மலையாளம் படித்து, சாலைத்தெருவில் பாத்திரக்கடை நடத்திக்கொண்டே தமிழில் எழுதிய ஆ. மாதவன். சுமட்டுக்காரரையும் தரகரையும் தெருவில் திரியும் சட்டம்பி என்ற ரவுடியையும் அவரைப்போல் எழுதியவர் இல்லை. 2015இல் அவருக்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தபோது எங்களுக்கே கிடைத்த மாதிரி இருந்தது. 2021 ஜனவரியில் காலமானார்.

மகச்கலாவில் இன்று வெவ்வேறு இனத்துப் பிள்ளைகள் தங்களுக்குள் ரஷ்யமொழிதான் பேசுகிறார்கள். ஆரியசாலையிலும் என் உறவுப் பிள்ளைகள் பாட்டியிடம் தமிழ் பேசுவார்கள். ஆனால் மாதவனின் கதையை நீட்டினால் எழுத்துக்கூட்டத் தெரியாது. எனக்கு இது பெரிய வருத்தம். போன விடுமுறையில் இரண்டு பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து அ, ஆ எழுதவைத்தேன். பெரியவள் இப்போது கடைப்பலகைகளைப் படிக்கிறாள்.