கருமண் தீவில் 226 கிலோமீட்டர்

அயர்ன்மேன் போட்டிக்குப் பேர் கொடுக்கப்போகிறேன் என்றதும் நாகர்கோவிலில் எங்கள் சைக்கிள் கூட்டத்தில் ஆளுக்கொரு ஊரைச் சொன்னார்கள். "அண்ணே, ஜெர்மனி ரோத்துக்குப் போங்க. ரோடு அப்படி இருக்கும், டைம் தானா வந்து விழும்" என்றான் ஒரு தம்பி. பேங்கில் வேலை பார்க்கும் மூத்தவர் ஒருவர், "எதுக்கு வீண் செலவு? பக்கத்துல மலேசியாவுல லங்காவி இருக்கு. நம்ம ஊர் வெயில், நம்ம ஊர் புழுக்கம். சாப்பாட்டுக்கும் கஷ்டமில்ல" என்றார். இரண்டுமே நியாயமான யோசனைதான். எனக்கென்னவோ, நம்ம ஊர் வெயிலைத் தேடிப் பாஸ்போர்ட்டோடு புறப்பட மனசு வரவில்லை.

போட்டியின் கணக்கு எங்கும் ஒன்றுதான். 3.8 கிலோமீட்டர் நீச்சல், கரையேறி 180 கிலோமீட்டர் சைக்கிள், சைக்கிளை மாட்டிவிட்டு 42.2 கிலோமீட்டர் ஓட்டம். காலை ஏழு மணிக்கு இறங்கினால் பெரும்பாலான இடங்களில் நள்ளிரவு வரை நேரம் தருவார்கள். தூரம் எங்கும் ஒன்றே என்கிறபோது மிச்சமிருப்பது இடம்தான். 1978-ல் ஹவாயின் ஒவாஹு தீவில் இது பிறந்த கதையும் அப்படித்தான். அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும், அந்தத் தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த மூன்று பந்தயங்களை ஒரே நாளில் கோத்தார்கள்: வைக்கீக்கி கடல்நீச்சல், தீவைச் சுற்றிவரும் சைக்கிள் பந்தயம், ஹொனலூலு மாரத்தான். 15 பேர் இறங்கி 12 பேர் முடித்தார்கள். ஒரு தீவை முழுசாகச் சுற்றிவருவது அதன் பிறவிக் குணம். இப்போது பல ஊர்களில் ஒரே நெடுஞ்சாலைத் துண்டில் போவதும் திரும்புவதுமாக 180-ஐ நிரப்பிவிடுகிறார்கள். அதற்கு எதற்கு விமானம்? வீட்டு மொட்டைமாடியில் டிரெய்னரில் சைக்கிளைப் பூட்டி மிதித்துவிட்டுப் போகலாம்.

ரோத்தில் ஓடுவதற்கு முதலில் கம்ப்யூட்டர் முன்னால் ஓட வேண்டும். பதிவு திறந்த சில நிமிடங்களில் இடம் தீர்ந்துபோகும். ஹவாயின் கோனாவில் நடப்பது உலகச் சாம்பியன் போட்டி, தகுதி பெற்றவர்களுக்குத்தான் வாசல் திறக்கும். என் கால்களைப் பற்றி எனக்குத் தெரியும். நார்வேயின் நார்ஸ்மன் மீது வெகு நாளாக ஒரு கண் இருந்தது. அதிகாலை இருட்டில் ஃபெரியின் வாசலிலிருந்து ஃபியோர்டின் குளிர்ந்த தண்ணீரில் குதிக்க வேண்டும்; ஓட்டம் முடிவது 1,883 மீட்டர் உயர காவுஸ்தாதொப்பன் மலை உச்சியில். ஆனால் அங்கே குலுக்கலில் பேர் விழ வேண்டும். வழியெல்லாம் சோறு தண்ணி கொடுக்கச் சொந்த ஆளும் காரும் வேண்டும். என் மச்சான் வருகிறேன் என்றுதான் சொன்னான், விமானக் கட்டணத்தைக் கேட்கும்வரை.

மிஞ்சியது லான்சரோத்தே. ஸ்பெயினின் கனாரித் தீவுகளில் ஒன்று. ஆட்சிதான் ஸ்பெயின், வரைபடத்தில் பார்த்தால் ஆப்பிரிக்கக் கரைக்குச் சுமார் 125 கிலோமீட்டரில் கிடக்கிறது. 1992-ல் இருந்து அங்கே இந்தப் போட்டி. சைக்கிள் பாதை தீவையே ஒரு பெரிய வளையமாகச் சுற்றுகிறது, சுமார் 2,500 மீட்டர் ஏற்றம். அதற்கும் மேல் காற்று. டிரையத்லான்காரர்களிடம் லான்சரோத்தே என்றால் முதலில் கேட்பது, "காத்து எப்படி?" என்றுதான்.

காற்று என்றதும் எனக்குத் தைரியம் வந்தது. முப்பந்தலுக்கும் ஆரல்வாய்மொழிக்கும் பக்கத்தில் இருப்பவனிடமா காற்றைக் காட்டுகிறாய்? கணவாய் வழியாக ஆனி, ஆடியில் பாய்ந்து வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் ஆயிரக்கணக்கில் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். முந்தைய ஆடி முழுக்க அந்த ரோட்டில் எதிர்க்காற்றில் மிதித்தேன். லாரி கடக்கும்போது சைக்கிள் ஓரடி விலகி ஆடும். தலையைத் தாழ்த்தி, கைப்பிடியை இறுக்காமல், இடுப்பைத் தளர்த்திப் போகப் பழகினேன். லான்சரோத்தேக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஐரோப்பாவில்கூடக் கிடைக்காது என்பது என் கட்சி.

தீவில் இறங்கியதும் முதலில் உறுத்தியது, ஏதோ ஒன்று குறைகிறது என்பது. விமான நிலையத்திலிருந்து புவெர்த்தோ தெல் கார்மென் வரும்வரை யோசித்துத்தான் பிடிபட்டது: ரோட்டோரம் ஒரு விளம்பரப் பலகைகூட இல்லை. ஃப்ளெக்ஸ் பேனர் இல்லாத சாலை கண்ணுக்கு இவ்வளவு ஓய்வு தரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இதற்குக் காரணம் செஸர் மன்ரிக்கே என்ற ஓவியர். இந்தத் தீவில் 1919-ல் பிறந்தவர், நியூயார்க்கில் இருந்துவிட்டு அறுபதுகளில் ஊர் திரும்பியவர். சுற்றுலா வரட்டும், அடுக்குமாடியும் விளம்பரத் தட்டியும் வேண்டாம் என்று அரசோடும் கட்டடக்காரர்களோடும் மல்லுக்கு நின்றார். சுவர் வெள்ளை, கதவும் ஜன்னலும் பச்சை அல்லது நீலம், கட்டடம் தாழ்வு. தீவின் பெரும்பகுதி இன்றும் அப்படித்தான். இங்கே முதல் அயர்ன்மேன் நடந்த அதே 1992-ன் செப்டம்பரில் அவர் கார் விபத்தில் இறந்துபோனார். விமான நிலையத்துக்கு இப்போது அவர் பெயர்.

போட்டிக்கு முந்தைய நாட்களில் காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டும் என்பது பயிற்சியாளர்களின் சட்டம். நான் லா ஹேரியாவுக்குப் போனேன்.

1730 செப்டம்பர் 1, இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் இந்தத் தீவின் தென்மேற்கில் பூமி பிளந்தது. யாய்சா ஊரின் பாதிரியார் குர்பெலோ கண்ணால் கண்டதை எழுதிவைத்திருக்கிறார். தொடங்கிய எரிமலை அடங்கியது 1736 ஏப்ரலில். ஆறு வருஷம்! தீவின் கால்வாசி நிலம் தீக்குழம்புக்கும் சாம்பலுக்கும் அடியில் போனது. நல்ல தானியம் விளைந்த ஊர்கள் இருந்த இடமே தெரியவில்லை. மழையோ வருஷத்துக்கு 150 மில்லிமீட்டர் பெய்தால் அதிகம். மிஞ்சிய ஜனம் என்ன செய்தது என்பதைத்தான் லா ஹேரியாவில் பார்க்க வேண்டும்.

கரிய சரிவு முழுக்கப் பல்லாங்குழிப் பலகையாகக் குழிகள். ஒவ்வொரு குழியும் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், அடியில் ஒரே ஒரு திராட்சைக்கொடி. குழியின் விளிம்பில் காற்று வரும் பக்கமாக மட்டும் அரைவட்டக் கல்சுவர், சாந்து பூசாமல் அடுக்கியது. தோட்டக்காரர் ஒருவர் என்னைக் குழிக்குள் இறங்கச் சொன்னார். பேச்சு முழுக்க அவர் கையாலும் என் போனாலும்தான். கால் வைத்தால் கணுக்கால்வரை புதைகிறது. 'பிக்கோன்' என்கிறார்கள், கறுத்த எரிமலைப் பொடிக்கல், கையில் அள்ளினால் எடையே இல்லை. மேலே தொட்டால் சுடுகிறது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே நுழைத்தார். முழங்கை வரை போனபோது விரலில் ஈரம் தட்டியது. மழை பெய்த அடையாளம் எங்குமே இல்லை. ராத்திரிப் பனியை இந்தக் கல் உறிஞ்சிக் கீழே விடுகிறது, பகல் வெயில் அதைத் திருப்பி எடுக்காமல் மூடியும் வைக்கிறது. அடியில் புதைந்துகிடக்கும் பழைய மண்ணை வேர் தொடுவதற்காகத்தான் குழி. தங்கள் நிலத்தைப் புதைத்த சாம்பலையே தண்ணீர்த் தொட்டியாக்கிக்கொண்டார்கள். இதில் டிராக்டர் இறங்காது. களையெடுப்பும் அறுவடையும் கையால்தான். அந்த மால்வசியா திராட்சையின் ஒயினைப் போட்டி முடியட்டும் என்று தள்ளிவைத்தேன்.

மறுநாள் திமான்ஃபாயா தேசியப் பூங்கா. வாசலில் மன்ரிக்கே வரைந்த குட்டிச் சாத்தான், இரு கையாலும் சூலாயுதத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எரிமலை அடங்கி இத்தனை காலம் ஆகியும் உள்ளே கொதிப்பு போகவில்லை. பத்து மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சில நூறு டிகிரி. பூங்கா ஊழியர் தரையிலிருந்து ஒரு பிடி சரளையை அள்ளி என் உள்ளங்கையில் போட்டார். இரண்டு நொடிகூடத் தாங்கவில்லை. காய்ந்த முள்செடியை ஒரு பள்ளத்தில் தள்ளினார், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொண்டது. பூமிக்குள் இறங்கும் குழாயில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு ஒதுங்கினார். நான் ஒதுங்குமுன் வெள்ளை ஆவி வெடித்து எழும்பியது. பக்கத்து உணவகத்தில் கிணறு மாதிரி ஒரு வாயின்மேல் கம்பி வலை போட்டு, அந்தச் சூட்டிலேயே கோழி வாட்டுகிறார்கள். போட்டி நெருங்கும்போது வயிற்றோடு விளையாடக் கூடாது என்பதால் நான் உப்புநீரில் சுருங்க வேகவைத்த உருளைக்கிழங்கோடு நிறுத்திக்கொண்டேன். தொட்டுக்கொள்ள 'மோஹோ' என்று பூண்டும் மிளகாயும் அரைத்த சிவப்புத் துவையல். ஐரோப்பாவில் என் நாக்கு மதித்த முதல் பதார்த்தம் அது.

போட்டி நாள் நீச்சலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மே மாதத்தில் அங்கே ஏழு மணிக்குத்தான் விடிகிறது. தண்ணீர் இருபது டிகிரியை ஒட்டி, வெட்சூட் உண்டு. குமரிக் கடலில் வளர்ந்தவனுக்கு வெட்சூட்டோடும் பல் கிட்டியது. தண்ணீர் தெளிவு, அடியில் மீன் தெரிந்தது. பயத்தை மறக்க அது உதவியது.

சைக்கிளில்தான் தீவு தொடங்குகிறது. யாய்சா வரை காற்று முதுகில், வேக மீட்டரைப் பார்த்து எல்லாரும் சிரித்துக்கொண்டே போனோம். யாய்சாவில் வடக்கே திரும்பி திமான்ஃபாயா ரோட்டில் நுழைந்ததும் சிரிப்பு நின்றது. ஏற்றம் லேசானதுதான், ஆனால் நேராகக் கண்ணுக்கெட்டும்வரை நீள்கிறது. இரு பக்கமும் உடைந்த கருங்குழம்புக் கடல், ஒரு மரம் இல்லை, எதிரே வடகிழக்குக் காற்று. நேற்றைய குட்டிச் சாத்தானின் பலகை ஓரத்தில் வந்தது. அங்கே மணிக்கு எத்தனை கிலோமீட்டரில் போனேன் என்பதை எங்கள் கூட்டத்தில் இன்னும் சொல்லவில்லை. ஆனால் முப்பந்தல் கைகொடுத்தது. விலையுயர்ந்த ஆழமான ரிம் சக்கரத்தோடு வந்திருந்தவர்கள் பக்கக்காற்றில் தள்ளாடுவதைப் பார்த்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

ஃபமாராவில் செங்குத்துப் பாறைச் சுவரும் கடற்கரையும். காற்று மணலை அள்ளி ரோட்டின் குறுக்கே ஓடவிடுகிறது, பல்லில் நறநறத்தது. அங்கிருந்து தெகிசே, பிறகு ஏறிக்கொண்டே இருக்கும் மலை, அதன் மறுபக்கம் ஆரியா பள்ளத்தாக்கு. கறுப்பையே பார்த்துவந்த கண்ணுக்கு, கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே திடீரென்று ஈச்சமரங்களும் வெள்ளை வீடுகளும். மரங்களைக் கண்டதும் பிரேக்கைப் பிடித்தேன். பார்ப்பதற்காகத்தான், பயத்தில் இல்லை. உண்மையில் இரண்டும். ஒரு பாட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடக்கிற ஒவ்வொருவருக்கும் "பெங்கா! பெங்கா!" என்று கத்திக்கொண்டிருந்தார். மீண்டும் ஒரு ஏற்றம், மிரதோர் தெல் ரியோ. தீவின் வடக்கு விளிம்பு அது. சுமார் 475 மீட்டர் கீழே குறுகலான நீலக் கடல், அதற்கப்பால் லா கிராசியோசா என்ற குட்டித் தீவு முழுசாகத் தெரிகிறது. மன்ரிக்கே அந்தப் பாறைக்குள்ளேயே வெளியில் தெரியாமல் ஒரு பார்வைக்கூடம் கட்டிவைத்திருக்கிறார். பக்கத்தில் மிதித்துக்கொண்டிருந்த ஆள் ஒரு தடவைகூடத் தலை நிமிரவில்லை. அவர் எனக்கு முன்னால் முடித்திருப்பார், சந்தேகமில்லை.

அங்கிருந்து இறக்கம், முதுகில் காற்று. காலையில் கொடுத்த கடனைத் தீவு வட்டியோடு திருப்பியது.

ஓட்டம் கடற்கரை நடைபாதையில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பியர் கோப்பையோடு சுற்றுலாக்காரர்கள். விமான நிலையத்தை ஒட்டி ஓடும் இடத்தில் தரையிறங்கும் விமானங்கள் தலைக்கு மேலே தாழ்ந்து போயின. அதில் இருப்பவர்களுக்கு இருக்கை இருக்கிறது என்ற ஒரே பொறாமை எனக்கு. 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம் நடையானது, நடை மறுபடி ஓட்டமானது, இருட்டியது, கோட்டைக் கடந்தேன். தள்ளிவைத்த ஒயின் அன்றைக்கு இறங்கவில்லை, மறுநாள் இறங்கியது.

நேரத்தைக் குறைக்க ஆசைப்படுகிறவர்கள் அந்தத் தம்பி சொன்னபடி ரோத்துக்கே போங்கள். லான்சரோத்தே உங்கள் சிறந்த நேரத்தில் ஒன்றிரண்டு மணியைத் தின்றுவிடும். போவதென்று முடிவெடுத்தால் ஷெங்கன் விசாவுக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். பின்சக்கரத்தில் பெரிய பல் கேசட்டும், முன்னால் ஆழம் குறைந்த ரிம்மும் போடுங்கள். சைக்கிளைப் பெட்டியில் கட்டும்போது டெரெய்லரைக் கழற்றித் தனியாகச் சுற்றிவையுங்கள். லா ஹேரியாவைப் போட்டிக்கு முன்பே பார்த்துவிடுங்கள், பிறகு அந்தக் குழிக்குள் இறங்கி ஏற முட்டி சம்மதிக்காது.