சைனா வேணாம்... நெய்வேலி போதும்!

ஒரு கேள்வி பாஸ். உங்க அப்பா, அம்மாவுக்கு நாற்பதாவது கல்யாண நாள் வருது. நீங்க ஐ.டி.யில் கை நிறைய சம்பாதிக்கிறீங்க. என்ன கிஃப்ட் கொடுப்பீங்க?

எங்க பெரியப்பா பையன், அதாவது என் அண்ணன், கொஞ்சம் பெருசாவே யோசிச்சார். பீஜிங், பெருஞ்சுவர், யாங்சி ஆத்துல கப்பல் பயணம்னு எட்டு நாள் சைனா டூர்! வழவழ பேப்பர்ல அச்சடிச்ச டூர் புத்தகத்தைக் கொண்டு வந்து பெரியம்மா மடியில வெச்சார்.

பெரியம்மா நிதானமா புரட்டினாங்க. மூடினாங்க. "எங்க ரெண்டு பேரையும் நெய்வேலி பஸ்ல ஏத்தி விடு, போதும். நாங்களே சுத்திப் பார்த்துட்டு வந்துடறோம்."

அண்ணன் முகத்தைப் பார்க்கணுமே! "அங்கேதானேம்மா முப்பது வருஷத்துக்கு மேல இருந்தீங்க?"

"இருந்தோம். சுத்திப் பார்த்தோமா?"

பெரியப்பா நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இப்போ ரெண்டு பேரும் சென்னைவாசிகள். பேக் தூக்க ஓர் ஆள் வேணுமே... மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற அடியேன் மாட்டிக்கிட்டேன்.

கிளாம்பாக்கத்தில் கும்பகோணம் பஸ். பண்ருட்டியில் பலாப்பழ வாசனை ஜன்னல் வழியா உள்ளே வந்தா, நெய்வேலி பக்கத்தில் வந்துடுச்சுன்னு அர்த்தம். ஆர்ச் கேட்டில் இறங்கினோம்.

2020 பிப்ரவரியில் 'மாஸ்டர்' ஷூட்டிங்கப்போ விஜய் வேன் மேல ஏறி, திரண்டு நின்ன ரசிகர்களோட செல்ஃபி எடுத்தாரே... அந்த ஊரேதான். ஆனா, செல்ஃபிக்கு முன்னாடியே நெய்வேலிக்கு ஒரு பெரிய கதை இருக்கு. 1930களில் ஜம்புலிங்க முதலியார்னு ஒரு நிலக்கிழார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது தண்ணியோட கறுப்பா ஏதோ வந்திருக்கு. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் ஆரம்பம். 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் சோவியத் உதவியோட கட்டின மின் நிலையத்தில் கரன்ட் வந்தது. அந்த முதல் அனல் மின் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றுடுச்சு, எங்க பெரியப்பா மாதிரியே!

டவுன்ஷிப்பில் அட்ரஸ் கேட்டா முதல்ல பிளாக் நம்பரைத்தான் சொல்வாங்க. நேரான ரோடு, ரெண்டு பக்கமும் மரம், வரிசையா குவார்ட்டர்ஸ். பழைய வீட்டைத் தேடிப் போனோம். வாசல்ல வேற யாரோட கோலமோ, வேற யாரோட ஸ்கூட்டரோ.

"யாரு வேணும்?"னு ஒரு அக்கா எட்டிப் பார்த்தாங்க.

"யாரும் வேணாம்மா. முன்னாடி நாங்க இங்கே இருந்தோம். முருங்கை காய்க்குதா?"

அந்த அக்கா சிரிச்சுட்டு அஞ்சாறு காய் பறிச்சு கையில கொடுத்தாங்க. அதுவும் என் பேக்குக்குள்ளே போச்சு.

அடுத்து 16-ம் பிளாக் நடராஜர் கோயில். பத்தடி உயரத்துக்கு ஐம்பொன்னில் நடராஜர்! தரையிலிருந்து அண்ணாந்துதான் பார்க்கணும். இங்கே இன்னொரு விஷயம் ரொம்ப சுவாரஸ்யம். ஒரு ஆராய்ச்சி மணியும், மனுநீதிப் பெட்டியும் இருக்கு. குறை இருந்தா எழுதிப் பெட்டியில் போட்டுட்டு மணி அடிக்கலாம். பெரியம்மா என்கிட்டே பேனா வாங்கி எழுத ஆரம்பிச்சாங்க.

"என் மேல கம்ப்ளெயின்ட்டா?"ன்னு பெரியப்பா.

"உங்க மேல எழுத இந்தப் பேப்பர் பத்தாது"ன்னு பெரியம்மா!

எல்லாரும் சிரிச்சோம். ஆனா, என்ன எழுதினாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லலை.

சாயங்காலம் மந்தாரக்குப்பம் தாண்டி ஆட்டோவில் போனோம். சுரங்கத்துக்குள்ளே நம்ம இஷ்டத்துக்குப் போக முடியாது, முன்அனுமதி வேணும். போன வருஷம் காலேஜ் இண்டஸ்ட்ரியல் விசிட்டில் நான் உள்ளே போய்ப் பார்த்திருக்கேன். ராட்சசச் சக்கரம், அதைச் சுத்திப் பக்கெட்டுகள். ஒவ்வொரு பக்கெட்டும் 700 லிட்டர், 1400 லிட்டர்னு மண்ணை அள்ளும். அள்ளின மண் கன்வேயர் பெல்ட்டில் கிலோமீட்டர் கணக்கில் ஓடி, ஏற்கெனவே நிலக்கரி எடுத்து முடிச்ச பள்ளத்தில் போய்க் கொட்டும். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோட நிலத்தடி நீர் வேற இருக்கு. பம்ப் வெச்சு ராத்திரி பகலா இறைச்சுக்கிட்டே இருக்கணும். நிறுத்தினா தரையைப் பிளந்துகிட்டு தண்ணி மேலே வந்துடும். அன்னிக்கு நாங்க எல்லாரும் 'செம மெஷின்டா மச்சி'ன்னு போட்டோ எடுத்துத் தள்ளினோம்.

இந்தத் தடவை வெளியே, ரோட்டோரத்தில் நின்னோம். எதிரே மண்மலை. மேலே நட்டு வளர்த்த மரங்கள். பெரியம்மா ஆட்டோவை விட்டு இறங்கி, கையை நெத்தியில வெச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

"என்ன பெரியம்மா தேடறீங்க?"

"எங்க ஊரை."

அப்போதான் எனக்கு விஷயமே தெரியும். பெரியம்மா பொறந்த ஊர், இரண்டாம் சுரங்கத்துக்காக எடுக்கப்பட்ட ஊர்கள்ல ஒண்ணு. அவங்க அப்போ சின்னப் பொண்ணு. காலி பண்ணும்போது ஊரே சேர்ந்து அம்மன் கல்லை வண்டியில ஏத்திக்கிட்டு வந்ததாம். அதுக்கப்புறம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வேலை அதே சுரங்கத்தில், கன்வேயர் பெல்ட் செக்ஷனில்.

"என்னங்க... எங்க ஊரை வெட்டினப்போ உங்களுக்கு எந்த ஷிஃப்ட்?"

பெரியப்பா ரொம்ப நேரம் பேசலை. "நைட் ஷிஃப்ட். காலையில வந்து உன்கிட்ட சொல்லலை."

"தெரியும். அன்னிக்கு நீங்க சாப்பிடாமப் படுத்தீங்க."

அவ்வளவுதான். நாற்பது வருஷத்துல இதைப் பத்தி அவங்க பேசினது அதுதான் முதல் தடவையாம்.

சைனா டூர் புத்தகத்தை ஏன் மூடி வெச்சாங்கன்னு அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சது. அந்த யாங்சி கப்பல் பயணத்தில் 'த்ரீ கார்ஜஸ்'னு ஓர் அணை வரும். அதுக்காகப் பன்னிரண்டு லட்சம் பேருக்கு மேல இடம் மாத்தினாங்க. முழுகிப்போன ஊர்களுக்கு மேலேதான் கப்பல் போகும், நாம டெக்ல நின்னு போட்டோ எடுப்போம். "யாரோ ஊரு மேல நான் எதுக்கு டூர் போகணும்? எங்க ஊரையே இன்னும் பார்க்கலை"ன்னு பெரியம்மா சொன்னாங்க.

நம்ம மேட்டூர் அணையில் தண்ணி இறங்கினா, முழுகின கோயிலோட நந்தி தலையைக் காட்டும். சொந்த ஊரைப் பார்க்கிற மாதிரி பழைய ஆளுங்க போய்ப் பார்த்துட்டு வரலாம். நெய்வேலியில் அதுக்கும் வழியில்லை. மேல் மண் அடியில் போய், அடி மண் மேலே வந்து, ஊர் இருந்த தரையே இடம் மாறிடுச்சு.

அதுக்காகப் பெரியப்பா வில்லனா? அந்த பெல்ட்டில் மண் ஓடினதாலதான் அண்ணன் இன்ஜினீயர் ஆனார். அந்தக் கரன்ட்லதான் நம்ம ஊர்ல ஃபேன் ஓடிச்சு. ஆனா, கணக்கு இன்னும் முடியலை மக்களே. 2023 ஜூலையில் வளையமாதேவி பக்கம் பயிர் நின்ன வயல்ல மெஷின் இறங்கினப்போ எவ்வளவு பெரிய போராட்டம் நடந்ததுன்னு நியூஸ்ல பார்த்திருப்பீங்க. அதை நான் அப்போ போன்ல தள்ளிவிட்டுட்டுப் போயிட்டேன். இப்போ அப்படித் தள்ள முடியலை.

மறுநாள் பக்கத்திலேயே இருக்கிற வடலூர். 1867-ல் வள்ளலார் பத்த வெச்ச தருமசாலை அடுப்பு இன்னிக்கும் அணையலை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பெரியப்பாவுக்கு ரசம் வேணுமான்னு கேட்காமலே பெரியம்மா "இவருக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க"ன்னாங்க.

திரும்பற பஸ்ல ரெண்டு பேரும் ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்சு தூங்கிட்டாங்க. நான் முருங்கைக்காயைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஸ்டாண்டிங்!

உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு டிக்கெட் போடறதுக்கு முன்னாடி, 'எங்கே போகணும்?'னு ஒரு வார்த்தை கேளுங்க. முடிஞ்சா பேக் தூக்கவும் போயிடுங்க பாஸ்.

போறவங்க கவனத்துக்கு...

* சென்னையிலிருந்து பண்ருட்டி வழியா கும்பகோணம் போற பஸ்ஸில் ஏறுங்க. ஆர்ச் கேட்டில் இறங்கினா டவுன்ஷிப்.

* புத்தகப் பிரியர்கள் லிக்னைட் ஹாலில் நடக்கிற நெய்வேலி புத்தகக் கண்காட்சி சமயமாப் பார்த்துப் போங்க.

* முருகன் வில்லோட நிற்கிற வில்லுடையான்பட்டு கோயிலையும் விட்டுடாதீங்க. பங்குனி உத்திரத்துக்குப் போனா செம கூட்டம்!

* சுரங்கம் பார்க்கணுமா? காலேஜ் மூலமா முன்கூட்டியே அனுமதி வாங்கிடுங்க. உள்ளே போனா மெஷினை மட்டும் பார்க்காதீங்க. அதுக்கு முன்னாடி அங்கே என்ன ஊர் இருந்ததுன்னும் கேளுங்க.