நாகசாகித் துறையில் ஒரு பகல்

கப்பற் பிரயாணிக்கு ஓர் ஊர் அளந்தே கொடுக்கப்படுகிறது. காலையிற் கரைசேரும் உல்லாசக் கப்பல் மாலையிற் புறப்பட்டுவிடும். இடையிலுள்ள எட்டு ஒன்பது மணித்தியாலங்களே நமக்குரியவை. கப்பற் கம்பனியார் ஒழுங்குசெய்யும் பஸ்ஸில் ஏறினாற் கவலையில்லை; ஆயினும் பிறர் காட்டுவதையே பார்த்து, பிறர் அழைக்கும்போது எழும்பவேண்டும். நாமாகவே இறங்கிச் சென்றாற் செலவும் குறையும், விரும்பிய இடத்தில் நிற்கவும் முடியும். ஆனால் ஓர் ஆபத்துண்டு. கம்பனியாரின் பஸ் தாமதித்தாற் கப்பல் அதற்காகக் காத்திருக்கும். தனியே சென்றவருக்காகக் காத்திராது. தவறவிட்டவர் தம் செலவிலேயே அடுத்த துறைமுகத்தைத் தேடிச் செல்லவேண்டியதுதான்.

யப்பானின் தென்மேற்கு மூலையிலுள்ள நாகசாகி, தனியே இறங்கிப் பார்ப்போருக்கு மிக வாய்ப்பான ஊர். சில துறைமுகங்களிற் பிரயாணச்சீட்டில் ஒரு நகரின் பெயர் இருக்கும். கப்பலோ வேறு நகரிற் போய் நிற்கும். தோக்கியோ என்று எழுதியிருக்க, யோக்கோகாமாவில் இறங்கியோர் பலர். நாகசாகியில் மாட்சுகாயே துறைமேடையில் இறங்கினால் நகரம் நம் காலடியிலேயே தொடங்குகிறது. சிறிது தூரத்தில் டிராம் வண்டி ஓடுகிறது.

திட்டத்தை மாலையிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும். கப்பல் ஐந்து மணிக்குப் புறப்படுமாயின், நாலரை மணிக்குள் எல்லாரும் ஏறிவிடவேண்டும் என்பார்கள். நாம் மூன்றரை மணிக்கே துறையருகில் இருக்கத் தீர்மானிப்பது நன்று. காலையிற் குடிவரவு அதிகாரிகளின் பரிசோதனைக்கும் நேரம் ஒதுக்குக. யப்பானில் அதுவே முதல் துறைமுகமாயின், வரிசை நீளும். மற்றொன்றையும் மறவாதிருத்தல் வேண்டும். சீனத்திலிருந்தோ தாய்வானிலிருந்தோ வரும் கப்பலின் கடிகாரம் யப்பானிய நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தியிருக்கக்கூடும். இறங்குமுன் கப்பல் நேரம் எது, கரை நேரம் எது என்று கேட்டறிந்துகொள்க.

அடுத்த விதி, தூரத்திலுள்ளதை முதலிற் காண்பது. அதனால் நாம் முதலில் நகரின் வடபாலுள்ள உராக்காமிக்குச் செல்வோம். டிராமிற் பின்வாசலால் ஏறி, இறங்கும்போது முன்வாசலிற் கட்டணம் செலுத்தவேண்டும். எவ்வளவு தூரமாயினும் ஒரே கட்டணந்தான்; சில்லறை கையிலிருத்தல் நலம். இடையில் ஒருமுறை வண்டி மாறவேண்டியிருப்பதால், போகவும் வரவும் தனித்தனி முக்கால் மணித்தியாலம் வைத்துக்கொள்க.

1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆந் திகதி முற்பகல் 11 மணி 2 நிமிடத்துக்கு அணுக்குண்டு வெடித்தது இந்த உராக்காமியின் மேலேதான். அவ்வாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 74,000 பேர் மாண்டனர். குண்டு வெடித்த இடத்துக்கு நேர்கீழே இன்று ஒரு கருங்கற்றூண் நிற்கிறது. அதனருகே, இடிந்துபோன உராக்காமிப் பேராலயத்தின் சுவர்த்துண்டொன்றை நிறுத்தியிருக்கிறார்கள். சமாதானப் பூங்காவில் 1955இல் எழுப்பிய பெருஞ்சிலை வலக்கையால் வானத்தைச் சுட்டி, வந்த ஆபத்தை உணர்த்துகிறது. நீட்டிய இடக்கை சமாதானத்தை வேண்டுகிறது. அங்குள்ள நீரூற்று, தாகத்தால் தண்ணீர் கேட்டு மடிந்தோரின் நினைவாக அமைந்தது. இவ்விடத்துக்கும் அருகிலுள்ள நூதனசாலைக்குமாக இரண்டரை மணித்தியாலம் கொடுத்தாலும் மிகையன்று.

திரும்பும் வழியில் தெஜிமா. 1636இல் போர்த்துக்கேயருக்காக விசிறி வடிவிற் கட்டிய சிறு தீவு இது. அவர்கள் வெளியேற்றப்பட்டபின், 1641இல் ஒல்லாந்தர் இங்கே குடியமர்த்தப்பட்டனர். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி ஆண்ட அதே ஒல்லாந்தக் கம்பனியார், இங்கே அனுமதியின்றிப் பாலத்தைக் கடக்கவும் உரிமையற்றிருந்தனர். இன்று சுற்றிலும் நிலமாகிவிட்டது. வீடுகளைப் பழையபடி மீண்டும் கட்டியிருக்கிறார்கள். ஒரு மணித்தியாலம் போதும்.

இறுதியாக, கப்பலுக்கு மிக அண்மையிலுள்ள ஊரா தேவாலயம். 1864இல் கட்டி முடித்த இவ்வாலயத்துக்கு, மறு ஆண்டு மார்ச் மாதம் உராக்காமிக் கிராமத்தார் சிலர் வந்தனர். தடைசெய்யப்பட்ட கிறிஸ்தவ சமயத்தைத் தம் முன்னோர் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக மறைவிற் காத்துவந்ததை, அங்கிருந்த பிரெஞ்சுக் குருவானவரிடம் வெளிப்படுத்தினர். பிற்காலத்தில் அம்மக்கள் எழுப்பிய பேராலயத்தின் சுவரையே நாம் காலையிற் கண்டோம். வயது முதிர்ந்தோர் படியேற இயலாவிடின், கீழே நின்று பார்த்தாலும் கோபுரம் தெரியும். துறைமேடை அருகிலேயே இருக்கிறது.

இனாசா மலையையும் சீனக் கோயில்களையும் விட்டுவிட்டோமே என்று சிலர் வருந்தலாம். ஒரு பகலில் ஏழு இடங்களுக்கு ஓடுபவர் கடிகாரத்தையே அதிகம் பார்ப்பார். அந்தக் கருங்கற்றூணின் முன்னே நிற்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தகாது. அங்கே அமைதியாக நிற்பதற்காகவே மற்ற மணித்தியாலங்களை முதல்நாள் இரவே எண்ணிவைக்கவேண்டும். பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், அன்றிரவு கப்பலில் அவர்களுடன் அமர்ந்து ஒரு தாளில் அந்தக் கணக்கை எழுதட்டும். ஊரைப் பற்றிய பாதிப் பாடம் அப்போதே முடிந்துவிடும்.