கச்சான் இல்லாத ரொட்டி

எங்கள் சின்னவனுக்கு அப்போது மூன்று வயது. எட்டியாந்தோட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா. மாமியார் கச்சான் உருண்டையில் ஒரு துண்டு கிள்ளி அவன் வாயில் வைத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இரைக்கத் தொடங்கியது. கண் திருஷ்டி என்று ஒருவர் விபூதி பூசினார். இன்னொருவர் பிரிட்டன் குளிசை கொடுக்கச் சொன்னார். 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கம் யாருக்கும் நினைவு வரவில்லை. ஆட்டோவில்தான் ஓடினோம். தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகே பிள்ளையின் மூச்சு சீரானது. பிரிட்டன் அரிப்பைத்தான் அடக்கும், மூச்சுத் திணறலை நிறுத்தாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வேறு கவலை. வறுத்த கச்சானை இடித்துச் சீனி சேர்த்து ரொட்டிக்குள் வைப்பதுதான் எங்கள் பிள்ளைகளின் காலைச் சாப்பாடு. கடையில் போத்தலில் விற்கும் பீனட் பட்டரும் ஏறக்குறைய இதுதான், விலைதான் வேறு. இறைச்சி, மீன் தினமும் வாங்க முடியாத எங்களுக்குக் கச்சான் பெரிய உதவி. 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. அதற்குப் பதில் என்ன கொடுப்பது?

கஜு கொடுக்கலாமா என்று கிளினிக்கில் கேட்டேன். (வாங்கப் பணம் ஏது என்பது வேறு கதை.) கச்சான் ஒத்துக்கொள்ளாத சில பிள்ளைகளுக்குக் கஜுவும் எள்ளும்கூட ஒத்துக்கொள்வதில்லை, சோதிக்காமல் கொடுக்க வேண்டாம் என்றார் டாக்டர். சோயா பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யாதாம். எங்கள் சின்னவன் முன்பே திரிபோஷா சாப்பிட்டவன், அதனால் சோயாவுக்குப் பயமில்லை. பாசிப்பயறும் அவனுக்குப் பழக்கம்தான். அதிலும் கச்சான் அளவுக்குப் புரதம் உண்டு. வறுத்து இடித்து, தேங்காய்ப்பூவும் கித்துள் பாணியும் சேர்த்துப் பிசைந்தால் ரொட்டிக்கு நல்ல பூரணம்.

ஆனால் முதல் நாளே அவன் வாய் அரிக்கிறது என்று அழுதான். நல்ல வேளை, அதோடு நின்றது. பயற்றில் குற்றமில்லை. கச்சான் இடித்த அதே உரலில், துடைத்துவிட்டுத்தான் இடித்திருந்தேன். அன்றே அந்த உரலை ஒதுக்கிவிட்டேன். கடைத் தின்பண்டம் எதுவானாலும் இப்போது லேபலை வாசிக்காமல் கொடுப்பதில்லை. லேபல் இல்லாத மிக்சர் வீட்டுக்குள் வருவதே இல்லை. பிள்ளைக் காம்பரா ஆயாம்மாவிடமும் சொல்லி வைத்தேன்.

"நாங்க எல்லாம் கச்சான் தின்னுதானே வளந்தோம்" என்று மாமியார் சில நாள் முணுமுணுத்தார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் கதையைக் கேட்டுப் பயந்த பக்கத்து லயத்துத் தங்கச்சி, தன் ஏழு மாதக் குழந்தைக்குக் கச்சானே காட்ட மாட்டேன் என்றாள். அது தேவையில்லை. லண்டனில் நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே கச்சான் உணவைக் கொடுத்துவந்தபோது, கச்சான் ஒவ்வாமை மிகவும் குறைந்தது. கடுமையான கரப்பான், முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால் டாக்டரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும், மாவாக அரைத்துக் கஞ்சியில்தான் கலக்க வேண்டும். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டுவிட்டுத் தொடங்கினாள்.

போன திருவிழாவுக்கு மாமியாரே புது உரலில் பயற்றுருண்டை இடித்தார். பழைய உரல் அடுப்படிக்கு வெளியே கோழிக்குத் தண்ணீர் வைக்க உதவுகிறது.