தெற்கு ஜன்னல்

கல்லூரியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நெடுநல்வாடை நடத்தி வருகிறேன். கூதிர்காலத்து மாளிகையை நக்கீரர் காட்டும் இடத்தில், எடுப்பாரின்றித் தொங்கும் விசிறியைச் சிலந்தி நூல் சுற்றியிருக்கும். அதையடுத்து, வேனிலில் தென்காற்றை உள்ளே கொணரும் மேல்மாடத்துச் சாளரம் வரும். அது இப்போது திறக்கப்படாமல் தாழிடப்பட்டுக் கிடக்கிறது. வாடையின் கடுமையைப் புலப்படுத்தும் காட்சி என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவேன். அந்தச் சாளரத்தைத் தாழிட்டவர் யார், வேனில் வந்ததும் தாழ் இறுகிப் போகாமல் திறக்கும்படி பார்த்துக்கொண்டவர் யார் என்று நான் கேட்டதில்லை. மாணவர்களும் கேட்டதில்லை.

திருநகரில் உள்ள எங்கள் வீட்டை அப்பா 1974இல் கட்டினார். ஒன்பது ஜன்னல்கள். தேக்குச் சட்டம், இரும்புக் கம்பிகள், மேல்பாதியில் கண்ணாடி பதித்த இரட்டைக் கதவுகள். அவற்றின் பராமரிப்பு முழுவதும் அம்மாவுடையது. அதை ஒரு வேலை என்று அவள் சொன்னதில்லை. நானும் அவ்வாறு எண்ணியதில்லை.

சித்திரையில் மேற்கு ஜன்னல்களைப் பகல் பதினொரு மணிக்கே மூடிவிடுவாள். பொழுது சாய்ந்த பிறகு தெற்கு ஜன்னல் திறக்கும். ஆனால் மதுரை ஜன்னல்களுக்கு உண்மையான சோதனை ஆனியும் ஆடியும்தான். தென்மேற்குப் பருவமழையை மலைக்கு அந்தப் பக்கத்திலேயே இறக்கிவிட்டு வறண்ட காற்று மட்டும் நம் சமவெளிக்கு வந்து சேரும். வரும் வழியில் நீர் வற்றிய கண்மாய்களின் வண்டலையும் அள்ளிக்கொண்டு வரும். காலையில் துடைத்த ஜன்னல்படியில் மாலைக்குள் விரலால் பெயர் எழுதலாம். அம்மா எடுத்தவுடன் ஈரத்துணியைத் தொடமாட்டாள். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் சட்டத்தின் மூலைகளில் இருந்த புழுதியை உதிர்த்த பிறகே ஈரம். புழுதியோடு ஈரம் பட்டால் அது சேறாகி மூலையில் இறுகும். அங்கே ஈரம் தங்கினால் கரையான் வரும் என்பாள். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். கண்ணாடியை அதில் கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் பூத்துவிடும். ஆகவே எலுமிச்சைத் தோலால் தேய்த்து, கழுவி, காய்வதற்குள் செய்தித்தாளால் ஒற்றியெடுப்பாள். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது என்று வேதியியல் துறை நண்பர் எனக்கு விளக்கினார். அம்மாவுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. போகிக்கு முன்பாகக் கம்பிகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துரு கண்ட இடங்களில் மட்டும் ரெட் ஆக்சைடு பூசுவாள். கீல்களுக்குத் தையல் மிஷின் எண்ணெய். தேங்காயெண்ணெய் விட்டால் புழுதியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

ஜன்னல் என்பது போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். நம்முடைய சொல் காலதர், கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி என்று வகுப்பில் சொல்லும்போது எனக்கு ஒரு பெருமிதம் உண்டு. அதே நாள்களில் வீட்டில் அந்த வழியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அறுபதைக் கடந்தவள்.

2009 கார்த்திகையில் அடைமழை. என் மேசையருகே இருக்கும் தெற்கு ஜன்னலின் ஒரு கதவு ஊதிப்போய் மூட மறுத்தது. ஆசாரியை வரவழைத்தேன். "மழைக்காலத்துல மரத்துல கை வைக்காதப்பா, தை பிறக்கட்டும்" என்றாள் அம்மா. ஆசாரியும் தயங்கினார். நான்தான் வற்புறுத்தினேன், விடைத்தாள் திருத்தும் அவசரம். இழைப்புளி போட்டு ஓரத்தைச் சீவியதும் கதவு வெண்ணெய்போல் மூடிக்கொண்டது. மரம் ஈரத்தை உறிஞ்சி அகலவாக்கில் பருக்கும், காய்ந்தால் மீண்டும் சுருங்கும் என்பதை எம்.ஏ. படித்த நான் சித்திரையில் தெரிந்துகொண்டேன். சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளி. ஆடியில் அதன் வழியே வந்த புழுதி என் மேசைமீது கோடு போட்டாற்போல் படிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சில நாள்களில் அந்தக் கோடு நின்றுபோயிற்று. காற்று தணிந்துவிட்டது என்று நினைத்தேன்.

2023 மாசியில் அம்மா இறந்தாள். அதன் பிறகு வேலைக்கு வரும் பெண்மணி கைக்கெட்டிய வரை துடைத்தார். மற்றவை அப்படியே கிடந்தன. 2024 அக்டோபரில் செல்லூரை வெள்ளம் சூழ்ந்த அந்தப் பெருமழையின்போது எங்கள் வீட்டில் இரண்டு ஜன்னல்களை மூட முடியவில்லை. கீல்கள் துருவேறி இறுகியிருந்தன. சாரல் அடித்துக் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறிப்போயின.

இம்முறை தை வரை பொறுத்திருந்தேன். வந்தவர் பழைய ஆசாரியின் மகன். கீல்களை மாற்றிவிட்டுத் தெற்கு ஜன்னலின் ஓரத்தில் மெல்லிய ரீப்பர் ஒன்று அடித்துவிடலாம் என்றார். உளியால் ஓரத்தைச் சுரண்டியவர் நிறுத்தினார். "இது என்ன சார், அட்டை மாதிரி?"

நாலாக மடித்த தினசரிக் காலண்டர் தாள்கள். மாவுப்பசை போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. ஈரத்துணி வைத்துப் பொறுமையாக உரித்தேன். மொத்தம் ஏழு. அடியில் இருந்தது 2010 ஆடி. மேலே வர வர வேறு வேறு ஆண்டுகள், எல்லாம் ஆடி மாதத்துத் தாள்களே. கடைசித் தாள் 2022. அந்த ஆண்டு அவளால் முழங்கால் வலியோடு ஸ்டூல் மீது ஏற முடிந்திருக்காது. கீழ்ப்பாதியில் மட்டுமே அது இருந்தது.

ஆசாரி ரீப்பரை அளந்துகொண்டிருந்தார். "ரொம்ப இறுக்கி அடிக்கக் கூடாது சார், ஐப்பசிக்குக் கொஞ்சம் இடம் விடணும்" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். மேசையிலிருந்து மடிப்புக் கலையாத தாள் ஒன்றை எடுத்துச் சட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கனம் போதும்."