கொழும்பில் மூன்று நாள்

கொங்கு நாட்டில் மலைக்குக் குறைவில்லை. நொய்யலும் பவானியும் அமராவதியும் இருக்கின்றன. இல்லாதது கடல் ஒன்றுதான். ஆகையால் கோயமுத்தூர்வாசிகள் நாலு பேர் கூடி உல்லாசப் பிரயாணம் என்று பேச்செடுத்தால், ஒருவர் வாயிலாவது கடல் என்ற சொல் வராமலிராது. சென்ற மார்கழியில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் ஓய்வு கிடைத்தபோது, எங்கள் ஐவர் கோஷ்டியிலும் அப்படியே நேர்ந்தது. ஒருவர் கன்னியாகுமரி என்றார். இன்னொருவர் கொச்சி என்றார். மூன்றாமவர், "கடலைப் பார்ப்பது என்று ஏற்பட்ட பிறகு, அதைத் தாண்டியே பார்த்து விடலாமே!" என்றார். கொழும்பு என்று தீர்மானமாயிற்று. கோத்தகிரி நண்பர் மட்டும் விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. ஆனால் எல்லாருக்கும் முன்னால் பணத்தைக் கொண்டு வந்து வைத்தவர் அவர்தான்.

முற்காலத்தில் இந்தப் பிரயாணமே ஒரு திருவிழா. 1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரையில் ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடியும் ரயில் என்று போய்க் கொண்டிருந்தார்கள். 1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியையே கடலுக்கு இரையாக்கிவிட்டது. இப்போது விஷயம் சுலபம். வியாழன் இரவு சேரன் எக்ஸ்பிரஸில் படுத்தால் காலையில் சென்னை. அங்கே விமானம் ஏறினால் ஒரு மணிக்குச் சற்று அதிகமான நேரத்தில் இலங்கை. கொடுத்த சிற்றுண்டியைச் சாவகாசமாகச் சாப்பிடுகிறவர்கள் பாதியில் எழுந்திருக்க வேண்டியதுதான். கோயமுத்தூர்ப் பனிக்குப் பயந்து கம்பளிச் சால்வை கொண்டு வந்திருந்த நண்பர், கட்டுநாயக்க விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அதைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தார். ஊர் திரும்பும் வரையில் அது வெளியே வரவில்லை. கொழும்பில் மார்கழியும் வியர்க்கிறது.

முதலில் புறக்கோட்டைக்குப் போனோம். ஆங்கிலத்தில் இதன் பெயர் 'பெட்டா'. ஏதோ அந்நிய வார்த்தை என்று மலைக்க வேண்டாம். நம்முடைய 'பேட்டை'தான் வெள்ளைக்காரர் நாவில் அப்படி ஆயிற்று. நம் ஒப்பணக்கார வீதியையும் பெரிய கடை வீதியையும் சேர்த்து, அதன்மேல் ஒரு துறைமுகத்தின் சரக்கைக் கொட்டினால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கிறது. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட 1909-ஆம் ஆண்டுப் பள்ளிவாசல், அடுத்துச் செட்டியார் தெருவின் நகைக்கடைகள், அங்கேயே கதிர்வேலாயுத சுவாமி கோயில்கள் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தோம். சிறிது தள்ளிக் கொச்சிக்கடையில் சர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த சிவாலயமும் அந்தோனியார் கோயிலும் அருகருகே இருக்கின்றன. 2019 ஏப்ரல் 21-ஆம் தேதி, ஈஸ்டர் ஆராதனையின்போது அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்துப் பலர் மாண்டார்கள். நாங்கள் போன வேளையில் பெண்கள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பொட்டு வைத்தவர்களும் இருந்தார்கள்.

புறக்கோட்டையில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தோம். இருபது வயது மதிக்கத்தக்க சிப்பந்தி ஒருவன் எங்கள் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தான்.

"ஐயா, இந்தியாவிலேருந்து வர்றீங்களா?"

"ஆமாம், கோயமுத்தூர். தம்பிக்கு எந்த ஊரு?"

"அட்டன் பக்கமுங்க. தோட்டத்து ஆளுங்க. எங்க பாட்டனுக்குப் பாட்டன் சேலத்துப் பக்கமுன்னு சொல்லுவாங்க. அங்க எந்த ஊருன்னுதான் தெரியாதுங்க."

கோத்தகிரி நண்பர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "எங்க அப்பாயி பொறந்ததும் அட்டன் பக்கந்தான், தம்பி" என்றார்.

பையன் உடனே ஓடிப் போய்ப் பிளேன்டீ வாங்கி வந்துவிட்டான். எவ்வளவு வற்புறுத்தியும் காசு வாங்கவில்லை.

இந்த உறவைச் சற்று விளக்க வேண்டும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், இலங்கை மலைகளில் முதலில் காப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும், கங்காணிகள் சேலம், திருச்சி, மதுரை முதலிய ஜில்லாக்களிலிருந்து ஆட்களைத் திரட்டிச் சென்றார்கள். காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்கள் அவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் அங்கேயே பிறந்தார்கள். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஓட்டும் போட்டார்கள். 1948 பிப்ரவரி 4-ஆம் தேதி இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டில் வந்த பிரஜா உரிமைச் சட்டம், தகப்பனோ பாட்டனோ இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. கூலி லயத்தில் பிறந்தவனுக்கு அத்தாட்சி ஏது? லட்சக்கணக்கான ஜனங்கள் ஒரே சட்டத்தினால் எந்த நாட்டுக்கும் உரியவர்களல்லர் என்று ஆனார்கள்.

பிறகு 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக் கொள்வது என்று இரண்டு சர்க்கார்களும் கணக்குத் தீர்த்தன. மீதியையும் 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பாகப்பிரிவினையில் பாத்திரம் பண்டங்களைக்கூட, யாருக்கு எது வேண்டும் என்று கேட்டுத்தான் கொடுப்பார்கள். இங்கே, பங்கு போடப்பட்ட ஜனங்களை ஒருவரும் கேட்கவில்லை. இதில் இலங்கையை மட்டும் குறை கூறிப் பயனில்லை, கையெழுத்து இரண்டு.

எங்கள் நண்பருடைய அப்பாயி 1970-களில் அவ்விதம் இக்கரை வந்தவர். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே நம் சர்க்கார் 1968 முதல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் போட்டது. கொழுந்து பறித்த கை, கோத்தகிரியிலும் கொழுந்துதான் பறித்தது. அட்டனிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் ரயில் பாதை கொழும்பைத் தொடுவதில்லை. பொல்காவலையிலேயே வடக்கே திரும்பிவிடுகிறது. ஆகவே அந்த அம்மாள் தாம் பிறந்த நாட்டின் தலைநகரை ஒரு நாளும் பார்த்ததில்லை. நண்பர் முந்திப் பணம் கட்டிய காரணம் எங்களுக்கு இப்போது விளங்கிற்று.

சனிக்கிழமை காலையில் தேசீய மியூசியத்துக்குப் போனோம். கவர்னர் கிரெகரியின் முயற்சியால் 1877-இல் திறக்கப்பட்ட வெள்ளை மாளிகை அது. பொலன்னறுவையில் கிடைத்த சிவாலய வெண்கலங்களைக் காண ஒரு நாள் போதாது. ஆனால் எங்களை நிறுத்தி வைத்தது, காலியில் 1911-இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டு வந்தது. 1409-ஆம் ஆண்டு தேதியிட்டது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனாராகிய விஷ்ணுவுக்கும், பாரஸீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை செலுத்தியதை அது சொல்கிறது. அறுநூறு வருஷங்களுக்கு முன்பு எங்கிருந்தோ கப்பலேறி வந்த ஒருவருக்கு, இந்தத் தீவில் ஒரு பாஷை போதாது என்பது தெரிந்திருக்கிறது. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி என்று சட்டம் செய்தவர்களுக்கு அது மறந்துவிட்டது. தமிழும் ஆட்சி மொழி என்று அரசியல் சட்டம் திருந்தியது 1987-இல்தான். இடையில் நேர்ந்த அனர்த்தங்களை உலகம் அறியும். இன்று ரயில் நிலையப் பலகைகளில் மூன்று மொழிகளும் இருக்கின்றன.

அங்கிருந்து கோட்டை என்னும் பழைய ராஜதானிக்குப் போனோம். பதினைந்தாம் நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு ஆண்ட இடம் இது. ஜயவர்த்தனபுரக் கோட்டை என்ற இந்த ஊரே சட்டப்படி இப்போதைய தலைநகரம். ஜெப்ரி பாவா என்னும் சிற்பி, ஏரி நடுவே தாமிரக் கூரைகளுடன் கட்டிய பார்லிமெண்ட் 1982-இல் திறக்கப்பட்டது. கரையில் நின்று பார்த்துவிட்டு, "அந்தப் பழைய சபை எங்கே?" என்று கேட்டார் நண்பர்.

பழைய சபை காலிமுகத் திடலின் ஓரத்தில், கடலைப் பார்த்துக்கொண்டு பெரிய பெரிய தூண்களுடன் நிற்கிறது. இப்போது அது ஜனாதிபதியின் செயலகம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை. ஜனங்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். தள்ளுவண்டிகளில் 'இஸ்ஸோ வடை' என்னும் இறால் வடை கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் சைவ நண்பர், இறாலை எடுத்துவிட்டு வடையை மட்டும் தர முடியுமா என்று விசாரித்துக் கடைக்காரரைச் சிரிக்க வைத்தார். சூரியன் நேரே கடலில் இறங்கினான்.

கோத்தகிரி நண்பர் மாத்திரம் அந்தக் கட்டடத்துக்கு முன்னால் நின்றார். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியது இங்கேதான். அப்போது பிரதம மந்திரியாக இருந்த டி. எஸ். சேனநாயக்கா, நாலு வருஷம் கழித்து இதே திடலில் குதிரையிலிருந்து விழுந்து காலமானார். 2022-இல் நாடு பணமில்லாமல் தவித்தபோது, ஜனங்கள் இதே கட்டடத்தின் எதிரில் மாதக்கணக்கில் கூடாரமடித்துத் தங்கினார்கள். ஜனாதிபதி நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. தூண்கள் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. கோபமாக ஏதாவது சொல்லுவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவர் சொன்னது, "எங்க அப்பாயி இதை ரொம்பப் பெருசா இருக்குமுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்குதுங்க. அவ்வளவு பெருசு ஒண்ணும் இல்லைங்க" என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கடலோர ரயிலில் வெள்ளவத்தை வரையில் போய், இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டுத் திரும்பினோம். நம் ஊர்ச் சந்தகைக்கு இது தங்கை என்பது எங்கள் ஏகமனதான அபிப்பிராயம்.

உல்லாசத்துக்குச் செல்வோருக்குக் கொழும்பு குறை வைக்காது. நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றுக்கு மேல் கிடைக்கிறது. பேச்சுத் துணைக்குத் தமிழ் இருக்கிறது. ஆனால் போகிற கொங்கு நாட்டார், காலிமுகத் திடலில் அந்தத் தூண்களுக்கு எதிரே ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜா உரிமை வழங்கிச் சட்டம் வந்தது 2003-இல்தான் என்பதையும், அத்தனை காலம் அவர்களை வெறும் எண்ணிக்கையாகவே வைத்திருந்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இதற்குக் கடல் தாண்டித்தான் போக வேண்டும் என்பதுமில்லை. கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போகிறவர்கள், தோட்டத்தில் கூடை சுமந்து நிற்கும் வயோதிக அம்மாளிடம், எந்த ஊரில் பிறந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கலாம். அட்டன் என்றோ நுவரெலியா என்றோ அவர் சொன்னால், உட்கார்ந்து மீதியையும் கேட்டுவிட்டு வரலாம்.