கோப்பியும் கொப்பியும்

சென்ற ஆண்டு வைகாசி மாதத்து ஒரு காலை. வலிகாமத்தின் ஓரத்திலே, கடற்காற்று நேராக வந்து மோதும் ஒரு சிறு பாடசாலையின் ஏழாந்தர வகுப்பில், பயிற்சி ஆசிரியை என்ற பெயருடன் நின்றுகொண்டிருந்தேன். தந்தை காலையிலே என்ன அருந்துவார் என்பதை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாகச் சொல்லுமாறு கேட்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எவரும் கேளாமலே எழுந்தான். அவ்வகுப்பில் அஃது அபூர்வம்.

"மை பாதர் ட்ரிங்ஸ் கொப்பி."

"அப்பா கொப்பியையோ குடிக்கிறவர்? அப்ப வீட்டுவேலை எதிலை செய்யிறனீர்?" என்றேன். வகுப்பு முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். நகைச்சுவையுணர்வுள்ள ஆசிரியை என்று பெயரெடுத்துவிட்டதாக ஒரு மகிழ்ச்சி வேறு. கோப்பி பானம், கொப்பி எழுதும் ஏடு என்பது யாழ்ப்பாணத்திலே கைக்குழந்தைக்கும் தெரியும். சிறுவன் அமர்ந்தான். அதன் பின்னர் என் வகுப்பிலே அவன் வாய் திறக்கவில்லை. கேட்டால் எழுவான், நிலத்தைப் பார்ப்பான், அமர்வான். அவ்வாறு ஒன்பது பாடசாலை நாட்கள் கழிந்தன. எண்ணிக்கை எனக்கு நன்றாக நினைவிருக்கின்றது.

நாட்கணக்கை நான் மறவாதிருப்பதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழகத்தின் முதலாண்டிலே, ஆங்கிலத்திற் சிற்றுரை ஆற்ற வேண்டிய ஒரு வகுப்பில், தீர்மானித்தல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லை 'டிற்றர்மைன்' என்று உச்சரித்தேன். 'டிற்றேர்மின்' என்பதே முறை. முன்வரிசையில் இருந்த யாரோ மெல்லச் சிரித்தார்கள். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஏறத்தாழ ஓராண்டு நான் எந்த வகுப்பிலும் ஆங்கிலத்தில் ஒரு வினாக்கூடக் கேட்டதில்லை. அத்தகைய நான் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதையே செய்தேன் என்பது வீடு திரும்பும் பஸ்வண்டியிலேதான் எனக்கு உறைத்தது.

அன்றிரவு மற்றொன்றும் உறைத்தது. டானியல் ஜோன்ஸ் என்னும் ஒலியியலறிஞர் 1917இல் முதன்முதல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியின் பிந்திய பதிப்பொன்றை நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்தேன். அதிலே அந்தப் பானத்தின் பெயரைத் தேடிப் பார்த்தேன். முதலெழுத்தின் உயிர் குறில். நானோ பிள்ளைகளுக்குக் 'கோஃபி' என்று நெடிலாகவே சொல்லிக் கொடுத்திருந்தேன். வீட்டிலே நாம் குடிக்கும் 'கோப்பி'யின் ஓகாரம் என் ஆங்கிலத்துக்குள்ளும் புகுந்து குந்தியிருந்தது. ஆங்கிலத்திலே அப்பானத்தின் பெயருக்கும் பிரதி என்னும் பொருளுடைய சொல்லுக்கும் உள்ள வேறுபாடு நடுவிலுள்ள ஒரு மெய்யொலி மாத்திரமே. உயிர் இரண்டிலும் ஒன்றே. ஆகவே அவனுடைய உயிர் சரி, மெய் பிழை; என்னுடைய மெய் சரி, உயிர் பிழை. வகுப்பிலே சிரிப்புக்கு உரியவர்கள் இருவர் இருந்தனர். ஒருவர்மீதுதான் சிரிப்பு விழுந்தது.

என் ஆங்கிலம் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்க்கின்றேன். அம்மாவிடமிருந்து வரவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அம்மா எட்டாம் வகுப்பு மாணவி. அதன் பின்னர் அவர் மரநிழலிலும் கொட்டில்களிலும் படித்த காலத்திலே கணிதத்துக்கு யாராவது கிடைத்தார்கள்; ஆங்கிலத்துக்கு எவரும் கிடைக்கவில்லை. எனவே என் ஆங்கிலம் ஒரு தலைமுறையைத் தாண்டி அம்மப்பாவிடமிருந்தே வந்தது. அவர் கொழும்பிலே அரசாங்க எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். நெஸ்பீல்டின் இலக்கண நூலை, அட்டை கழன்ற பின்னும் நூலால் தைத்து வைத்திருந்தவர். மாலை வேளைகளில் என்னை விறாந்தையில் இருத்தி, ஒரு வாக்கியத்தை எடுத்து, எழுவாய் எது, பயனிலை எது, இந்தச் சொல் எதைத் தழுவி நிற்கின்றது என்று கூறுபடுத்தச் சொல்வார். அவர் எழுதும் ஆங்கிலக் கடிதத்திலே ஒரு காற்புள்ளி தவறியிருக்க மாட்டாது. ஆனால் அவர் புதன்கிழமையை 'வெட்னெஸ்டே' என்பார். 'டிற்றர்மைன்' என்பதும் அவர் தந்த சீதனமே. எழுத்து எப்படி நிற்கின்றதோ அப்படியே ஒலிக்க வேண்டும் என்பது அவரது நம்பிக்கை. தமிழ் படித்த ஒருவருக்கு அது இயல்பான நம்பிக்கைதானே.

இது அம்மப்பா ஒருவருக்கே உரிய குறையன்று என்பது என் எண்ணம். யாழ்ப்பாணத்தவரின் ஆங்கிலம் நெடுங்காலமாகக் கண்ணால் கற்ற ஆங்கிலம். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையிலே செமினரியை நிறுவியபோது, அங்கு பயின்றோர் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் பேசக் கேட்டிருப்பர். அங்கு கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். (அவ்வாங்கிலம் தாமோதரம்பிள்ளையைத் தமிழிலிருந்து பிரித்துவிடவில்லை, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர் அவரே.) ஆனால் அதற்குள்ளாகவே, 1855இல், தாய்மொழிக் கல்வியே சமயப்பணிக்கு உகந்தது, ஆங்கிலம் உத்தியோகத்துக்கே இட்டுச்செல்கின்றது என்னும் கருத்து மிஷன் மேலிடத்தில் மேலோங்க, செமினரி மூடப்பட்டது. பின்வந்தோருக்கு ஆங்கிலம் என்பது பெரும்பாலும் பரீட்சைத் தாளும் கந்தோர்க் கோவையுமே. கோவையிலுள்ள கடிதத்தை எவரும் உரக்க வாசிப்பதில்லை. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று பிரகடனஞ் செய்தது. இணைப்புக்குப் பேச்சு வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பதற்கு என்னைப்போன்ற 'டிற்றர்மைன்'காரர்தாம் ஊர்ப் பாடசாலைகளுக்குப் போகின்றோம்.

சிறுவனின் மௌனத்துக்கு மருந்து தேடிய அந்நாட்களில், ஆங்கில நூல்களை விடத் தமிழிலக்கணமே எனக்குக் கைகொடுத்தது என்றால் நண்பர்கள் சங்கத்து மலருக்காகச் சொல்வதாக நினைப்பர். உண்மை அதுவே. தொல்காப்பியத்துப் பிறப்பியல், எந்த ஒலி வாயின் எப்பகுதியிலே எவ்வாறு தோன்றுகின்றது என்று சொல்லிச் செல்கின்றது. பரீட்சைக்காக மனனஞ் செய்து மறந்த பகுதி அது. வகரம் பல்லும் இதழும் இயைவதாற் பிறக்கும் என்று அங்கே கூறப்பட்டிருக்கின்றது. கண்ணாடியின் முன் நின்று 'வா' என்று சொல்லிப் பார்த்தேன். மேற்பல் கீழிதழின்மீது மெல்ல வந்து அமர்ந்தது. அந்நிலையிலேயே வாயை வைத்துக்கொண்டு, குரலை நிறுத்தி, காற்றை மாத்திரம் சற்று அழுத்தி ஊதினால் வருவதுதான் நம் பிள்ளைகளால் இயலாது என்று நாம் கைவிட்ட அந்த ஆங்கில ஒலி. தமிழில் இல்லாத ஒலி என்று சொல்லிச் சொல்லி அதனைப் பூதமாக்கியிருந்தோம். அதற்கு வேண்டிய பல்லிருக்கையும் இதழிருக்கையும் வகரத்தில் ஏற்கெனவே போடப்பட்டிருக்கின்றன.

பிள்ளைகள் செய்யும் 'பிழை'களை அதன்பிறகு வேறு கண்கொண்டு நோக்கத் தொடங்கினேன். 'புக்கு', 'கப்பு' என்று ஈற்றிலே ஓர் உகரத்தைச் சேர்க்கின்றார்களே, ஏன்? தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. குற்றியலுகரத்தை ஊன்றுகோலாகக் கொண்டே நிற்கும். 'இஸ்கூல்' என்கின்றார்களே, ஏன்? இராமனுக்கும் உலோகத்துக்கும் முன்னே ஓர் உயிரை நிறுத்திய அதே நாவுதான் இங்கும் நிறுத்துகின்றது. இவை அறியாமையால் வருவன அல்ல. எவரும் கற்பிக்காமலே தம் மொழியின் விதியை அறிந்திருப்பதால் வருவன.

இன்னொன்று என்னை வியப்பிலாழ்த்தியது. நாம் 'ரீச்சர்' என்றும் 'ரயர்' என்றும் எழுதுகின்றோம். தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் இவற்றைக் கண்டால் ரகரத்தை ரகரமாகவே வாசித்து மயங்குவார். அவர்கள் எழுதுவது 'டீச்சர்', 'டயர்'. நம் எழுத்துமுறையைப் பரிகசிக்கும் கட்டுரைகளையும் படித்திருக்கின்றேன். ஆனால் செவியைத் தீட்டிக்கொண்டு கேட்டால் வேறு கதை புலப்படும். 'வெற்றி', 'காற்று' என்று யாழ்ப்பாணத்தவர் சொல்லும்போது நுனிநா மேல்வரிசைப் பல்லின் பின்னுள்ள ஈற்றைத் தொட்டுத் தடைபட்டு விடுகின்றது. ஆங்கிலேயர் 'ரீச்சர்' என்னும் சொல்லைத் தொடங்கும் இடமும் அதுவே. டகரத்துக்கோ நா மேலும் பின்னே வளைய வேண்டும். ஆங்கில ஒலி டகரமன்று, நம் இரட்டை றகரத்துக்கு அண்மையது என்று நம் முன்னோரின் செவி சரியாகவே கண்டிருக்கின்றது. சொன்முதலில் றகரம் வாராது என்பதால் ரகரத்தை இட்டனர் போலும். 'பற்றறி'யும் 'கொமிற்றி'யும் அவ்வாறு வந்தவையே. யாழ்ப்பாணத் தமிழின் ஒலியமைப்பை மொழியியல் நோக்கில் விரிவாக ஆராய்ந்த பேராசிரியர் சு. சுசீந்திரராசா போன்றோரின் எழுத்துக்களைப் படிக்க வேண்டும் என்ற ஆவலும் இதனாலேயே எனக்கு உண்டாயிற்று. பிறமொழியாளர் பலர் பயின்று பெற வேண்டிய ஓரொலி எங்கள் பிள்ளைகளின் வாயிலே பிறப்போடு இருக்கின்றது. அதை அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை.

இலக்கணத்திலும் இவ்வாறே. "அவனுக்கும் அவளுக்கும் ஒரே 'கோஸ்'தானோ ரீச்சர்? அப்ப ஆர் போனதெண்டு எப்பிடித் தெரியும்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். போகிறான், போகிறாள் என்று வினைமுற்றிலேயே பாலைக் காட்டும் மொழியிலிருந்து வரும் பிள்ளைக்கு எழத்தக்க நியாயமான வினா. நம் வினைகள் ஒவ்வொன்றும் விகுதியைச் சுமக்கின்றன. ஆங்கிலத்தில் அவை காலப்போக்கிலே உதிர்ந்து, நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மாத்திரம் ஒரு 'ஸ்' எஞ்சியிருக்கின்றது என்றேன். "பாவம்" என்றாள் அவள். மறுபுறம், உவன், உது என்று நாம் அன்றாடம் வழங்குவனவற்றுக்கு ஆங்கிலத்திலே தனிச்சொல் இல்லை. இதுவும் அதுவும் உண்டு, இடைநிற்கும் உது இல்லை. இந்த உகரச்சுட்டை யாழ்ப்பாணம் இன்றும் பேச்சில் வைத்திருக்கின்றது என்று சொன்னபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

பத்தாவது நாள் வகுப்புக்குச் சென்றதும் கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. "நான் உங்களுக்குக் 'கோஃபி' எண்டு பிழையாய்ச் சொல்லித் தந்திட்டன்" என்று தொடங்கினேன். பின்வரிசைச் சிறுவனின் பெயரைச் சொல்லி, முதலெழுத்தை அவன் சொன்னதே சரி, நான் சொன்னது பிழை என்றேன். வகுப்பிலே அமைதி. ஆசிரியை ஒருவர் பிழையை ஒப்புக்கொள்வது அவர்களுக்குப் புதிது. எனக்கும் அது சுலபமாக இருக்கவில்லை, பின்னால் அமர்ந்து என் கற்பித்தலை மதிப்பிட்டுக்கொண்டிருந்தவரின் பேனா ஓடுவது எனக்குத் தெரிந்தது. பின்னர் எல்லோரையும் 'வா' என்று சொல்லவைத்து, வாயை அப்படியே வைத்துக்கொண்டு குரலின்றி ஊதச் சொன்னேன். முப்பது பிள்ளைகள் சேர்ந்து ஊதினார்கள். அரிக்கன்லாம்பை அணைப்பதுபோல் இருக்கின்றது என்றான் ஒருவன். அச்சிறுவனும் ஊதினான். சொல்லாகச் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

அம்மப்பாவிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். எண்பத்தாறு வயதிலே அவர் கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு வகரத்தை ஊதிப் பார்த்தார். பல்வரிசை இல்லாமையால் வரவில்லை. "பிறப்பியலுக்குப் பல்லு வேணும் பிள்ளை" என்றார். 'டிற்றர்மைன்' பற்றி அவரிடம் நான் இன்னும் பிரஸ்தாபிக்கவில்லை.

பயிற்சியின் இறுதிநாளன்று பிள்ளைகள் மல்லிகை மாலையும் ஒரு பேனாவும் தந்தார்கள். என் பயிற்சிக் குறிப்பேட்டில் உச்சரிப்புக்கு எனக்குக் கிடைத்த புள்ளி நடுத்தரமானது, அது நியாயமே. பாடசாலை வாயிலில் பஸ்வண்டிக்காகக் காத்து நின்றபோது மதிலுக்கு மேலால் ஒரு தலை எழுந்தது.

"ரீச்சர், யூ கோயிங்?"

நடுவில் இருக்க வேண்டிய துணைவினை இல்லை. தமிழில் அவ்விடத்தில் அப்படியொன்று தேவையுமில்லை.

"யெஸ், ஐ ஆம் கோயிங்" என்றேன்.

"கமிங் ருமோறோ?"

அதற்குள் பஸ்வண்டி வந்துவிட்டது.